இரவல் மாமன்

அக்டோபர் 18, சனி

கம்பெனிக்கு லீவு விட்டாயிற்று. மிஷின்களுக்கெல்லாம் துணி போர்த்தி, மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, என் வீட்டுக்காரன் சசி ஷட்டரை இறக்கினான். தீபாவளி முடிந்து ஒரு வாரம் பத்து நாளைக்குத் திருப்பூரில் ஒரு தையல் மிஷின்கூட ஓடாது. வடக்கத்திப் பையன்கள் எல்லாரும் நேற்றே ரயில் ஏறிவிட்டார்கள். இந்த லீவுக்காகத்தான் வருஷம் பூராவும் காத்திருப்பேன். கையில் ஒரு புத்தகம், மொட்டை மாடியில் ஒரு மூலை, அது போதும் எனக்கு. இந்த வருஷம் அதற்கும் வேட்டு வைத்துவிட்டார்கள்.

மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். மாமனார் சொன்னார்: "தீவாளி நோம்பி முடிஞ்ச கையோட எல்லாரும் பாண்டிச்சேரி போய்ட்டு வரலாமுங்க. கிட்டுசாமியும் வர்றாப்ல."

கிட்டுசாமி எதற்கு என்று நான் கேட்கவில்லை. அத்தை தானாகவே சொன்னார்: "புள்ளை அவரு மடியில உக்காந்து பழகோணுமல்லோ. காது குத்தறப்ப திமிறீட்டு அழுதா பாக்கறவீங்க என்ன நெனைப்பாங்க?"

நவம்பர் 23 அன்று குலதெய்வக் கோயிலில் என் மகள் தேஜுவுக்குக் காது குத்து. பத்திரிகையே அடித்தாயிற்று. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அம்மாவுடன் பிறந்தவனுக்கு உள்ள உரிமை அது. பத்திரிகையில் தாய்மாமன் என்று போட்டிருப்பது கிட்டுசாமியின் பெயர். மாமனாருக்குத் தூரத்துச் சொந்தம், தாராபுரம் ரோட்டில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர். எனக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

என் தம்பி அருள்குமார் இதே ஊரில், மண்ணரையில், ஒரு யூனிட்டில் கட்டிங் மாஸ்டர். குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்கிறான்.

அக்டோபர் 19, ஞாயிறு

பிரிசில்லா. எழுதிப் பார்த்தேன். இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. இங்கே நான் பிரியா.

சசி வீடு தோட்டம் தொரவு உள்ள கவுண்டர் வீடு. நாங்கள் அந்த மாதிரித் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள், காலனிக்காரர்கள், தாத்தா காலத்தில் சர்ச்சுக்குப் போனவர்கள். ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஒரு வருஷம் வாடகை வீட்டில் இருந்தோம். தேஜு பிறந்ததும் வந்து கூட்டிப்போனார்கள். அன்றைக்கு வாசலில் வைத்து மாமனார் சொன்னார், குரலைக்கூட உயர்த்தவில்லை: "உங்களை நாங்க ஒண்ணும் கொறை சொல்லலீங்க அம்முணி. ஒறம்பரை, சொந்தபந்தம் கேட்டா ஒரு பதில் வேணுமல்லோ." அந்தப் பதில் இதுதான்: நான் பழனிப் பக்கம். அவர்கள் ஆட்களேதான். அப்பா அம்மா பஸ் விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப் பிறந்தவர்கள் கிடையாது.

என் அப்பா நல்லானும் அம்மா சின்னத்தாயும் அவிநாசிபாளையத்தில் இருக்கிறார்கள். நேற்றுக்கூட அம்மா போனில் கோழி அடை வைத்த கதையை அரை மணி நேரம் சொன்னாள். பஸ் விபத்தில் செத்தவள்!

இன்று காலை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மாமனாரிடம் போனேன். "மாமா, காது குத்துக்கு என் தம்பி..." அவ்வளவுதான் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். "அந்தப் பேச்சு வேண்டாமுங்க கண்ணு. வெளிய தெரிஞ்சா நம்ம ஊட்டுல ஒருத்தர் கை நனைக்க மாட்டாங்க. உங்களுக்குப் புடிக்கலீன்னா நீங்களும் சசியும் எங்க வேணா போய் நல்லா இருங்க, நான் தடுக்கல. தேஜு எங்க ஊட்டுப் புள்ளைங்க. அவ இங்கதான் இருப்பா."

எவ்வளவு மரியாதை! ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க'.

சசியிடம் சொன்னேன். போனைப் பார்த்துக்கொண்டே, "காது குத்தறது ஒரு நிமிஷ வேலை பிரிசி. பெருசு பண்ணாத" என்கிறான். தனியாக இருக்கும்போது மட்டும் பிரிசி. அடப்பாவி. புத்தகக் கண்காட்சியில் என் பின்னாலேயே கடை கடையாகச் சுற்றினவனா இவன்?

அக்டோபர் 20, தீபாவளி

தேஜு கம்பி மத்தாப்பைக் கொளுத்தி கிட்டுசாமி மாமாவுக்கு வீடியோ காலில் காட்டினாள். நான் உள்ளே போய் அதிரசம் சுட்டேன்.

அக்டோபர் 22, புதன், பாண்டிச்சேரி

வழி நெடுக மழை. தேஜு ஏறினதிலிருந்து கிட்டுசாமி மடியில்தான். அவர் கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். புளிச்சாதத்தில் இருந்த நிலக்கடலையைப் பொறுக்கிப் பொறுக்கிப் பிள்ளைக்கு ஊட்டுகிறார். வாந்தி எடுத்தபோது தன் துண்டில் ஏந்தினார். அவருக்கு எதுவும் தெரியாது. அப்பா அம்மா இல்லாத ஒரு பெண்ணுக்கு அண்ணன் முறை செய்கிறோம் என்று உண்மையிலேயே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சாயங்காலம் எல்லாரும் பீச்சுக்குக் கிளம்பினார்கள். நான் புத்தகக் கடைக்குப் போகிறேன் என்றேன். அப்படிச் சொன்னால் இந்தக் குடும்பத்தில் ஒருத்தரும் கூட வர மாட்டார்கள். எனக்கு உலகத்திலேயே பாதுகாப்பான இடம் அதுதான்.

ஒரு சந்தில் பழைய கடை. முன்னால் பூராவும் பிரெஞ்சுப் புத்தகம், தமிழ் அலமாரி மாடிப்படிக்குக் கீழே. ஈரத்தில் எல்லாம் கொஞ்சம் உப்பியிருந்தது. கடைக்காரர் விசிறிக்கு நேராக நாற்காலி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு சமையல் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு அருளுக்குப் போன் போட்டேன்.

"என்னக்கா குசுகுசுன்னு பேசற?"

"புத்தகக் கடைடா."

"மழையா அங்க?" என்றான். அப்புறம் சொன்னான்: "எங்க ஓனருக்குப் பத்திரிகை வந்திருக்குதுக்கா. காது குத்துப் பத்திரிகை. மேஜை மேல கெடந்துச்சு."

அவனிடம் இதுவரை நான் சொல்லவே இல்லை. எப்படிச் சொல்ல? 'உன் இடத்தில் வேறொரு ஆளைப் போட்டிருக்கிறார்கள்' என்றா?

"பாத்தியாடா?"

"பாத்தேன். நல்ல பேப்பருக்கா. ரெண்டு பக்கமும் கலர்."

அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருக்கலாம்! நாலு வார்த்தை கத்தியிருக்கலாம். சமையல் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு எதற்கு அது?

அக்டோபர் 23, வியாழன்

மரபூர் என்று ஒரு இடத்துக்குப் போனோம். ஊருக்கு வெளியே, முந்திரித் தோப்புக்கு நடுவில். பல பக்கத்துப் பழைய வீடுகளைத் தூண், கதவு, ஓடு என்று கழற்றி வந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் காலத்து உடுப்பில் ஆட்கள் வாழ்கிற மாதிரி நடிக்கிறார்கள். நாம் என்ன கேட்டாலும் அந்தக் காலத்துப் பேச்சுதான். தேஜு ஒருவரிடம் வைஃபை பாஸ்வேர்டு கேட்டாள். "அது எந்தச் சந்தையில் விற்குது தாயி?" என்றார் அவர். எல்லாரும் சிரித்தோம். நான்கூட.

கடைசியாகக் கொங்கு வீடு. மாமனாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "இதுதானுங்க ஆசாரம், ஒறம்பரை வந்தா இங்கதான் உக்காருவாங்க" என்று எங்களுக்கு முன்னால் ஓடி ஓடிக் காட்டினார். பின்கொசுவம் வைத்துச் சேலை கட்டின ஒரு பெண் வந்தாள். "வாங்க வாங்க. நான் இந்த ஊட்டு மருமகளுங்க. பேரு ராமாயிங்க." மனப்பாடம் பண்ணின கொங்குப் பேச்சு. 'ங்க' வர வேண்டாத இடத்திலெல்லாம் வந்தது. சொல்லிக்கொடுத்த பெயர், சொல்லிக்கொடுத்த ஊர். நானும் அதைத்தானே செய்கிறேன்? அவள் சாயங்காலமானால் வேஷத்தைக் கலைத்துவிட்டு பஸ் ஏறிவிடுவாள்.

"வந்தவீங்க கூழு குடிச்சுட்டுத்தான் போகோணுமுங்க" என்று தட்டை நீட்டினாள்.

தட்டில் கொட்டாங்குச்சிகள். நன்றாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கம்மங்கூழ் ஊற்றி வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு அட்டை: 'நம் முன்னோரின் இயற்கைக் கோப்பை'.

நீட்டின கையை மாமனார் சட்டென்று இழுத்துக்கொண்டார். முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "ஏனுங்க அம்முணி, டம்ளர் இல்லீங்களா?"

"இதுதான் சார் ட்ரெடிஷனல்" என்றாள் அவள், கொங்குப் பேச்சை மறந்து.

"இது ஊட்டுக்காரங்க குடிக்கறதில்லீங்க. வெளிய நிக்கறவீங்களுக்கு ஊத்தறது." மெதுவாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அத்தையும் பார்த்தார். கிட்டுசாமி எடுத்த கொட்டாங்குச்சியைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். சசி தலைக்கு மேல் இருந்த விட்டத்தைப் பார்த்தான், அங்கே என்னவோ எழுதியிருக்கிற மாதிரி.

என் அப்பா கல்யாணம் ஆகும் வரைக்கும் டீக்கடையில் கொட்டாங்குச்சியில்தான் டீ குடித்தார். கண்ணாடி கிளாஸ் எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. குடித்துவிட்டு அவரே கழுவி, கடைக்குப் பின்னால் கூரையில் செருகிவிட்டு வர வேண்டும். இன்றைக்கு வரைக்கும் அவர் எந்தக் கடையிலும் டீ குடிப்பதில்லை. காசு கொடுத்துத் தாகத்தைப் பெருக்கிக்கொள்வானேன் என்று சும்மா ஒரு காரணம் சொல்வார்.

தேஜு இதற்குள் ஒன்றை எடுத்து மடக் மடக் என்று குடித்துவிட்டாள். வாயெல்லாம் கூழ். "அம்மா, சூப்பரா இருக்கு, நீயும் குடி!" அத்தை அவள் கையிலிருந்து பிடுங்கினார். "கீழ போடு கண்ணு, சீக்கு வந்துரும்."

நான் ஒன்றை எடுத்தேன். எல்லாரும் பார்க்க, நின்றுகொண்டே, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். கூழ் நன்றாகத்தான் இருந்தது, வெங்காயம் மட்டும் கொஞ்சம் கம்மி.

அப்புறம் அந்தப் பெண் உள்ளே போய் எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்தாள். மற்ற எல்லாரும் அதில் குடித்தார்கள்.

அக்டோபர் 24, வெள்ளி

நேற்றிலிருந்து மாமனார் எப்போதையும்விட மரியாதையாகப் பேசுகிறார். அது நல்லதுக்கில்லை.

மத்தியானம் பெரிய புத்தகக் கடை ஒன்றுக்குப் போனேன். மாடியில் ஏசி. அருளுக்குப் போன் போட்டு ஒரு ரிங் போனதும் பின்னால் ஒரு குரல்: "அம்முணி, இங்கதான் இருக்கறீங்களா?"

கிட்டுசாமி! உயிரே போய்விட்டது. போனைக் கட் பண்ணி அலமாரியில் புத்தகத்துக்கு நடுவில் செருகிவிட்டேன்.

"புள்ளைக்குக் கலர் அடிக்கற புஸ்தகம் ஒண்ணு வாங்கலாமுன்னு வந்தனுங்க. மாமன் வாங்கிக் குடுத்ததா இருக்கட்டும். எது நல்லா இருக்குமுங்க?"

எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். யானை, மயில், கப்பல். அப்புறம் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கும் கூடப் பொறந்தது ஒண்ணுமில்லீங்க. ஒத்தையாப் பொறந்து ஒத்தையா வளந்தேன். உங்களுக்கும் யாருமில்லீன்னு உங்க மாமனார் சொன்னப்ப, சரி, சாமி நமக்கொரு தங்கச்சியக் குடுத்திருக்குதுன்னு நெனைச்சனுங்க." கண் கலங்கியிருந்தது.

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எனக்குத் தம்பி இருக்கானுங்க. மூன்றே வார்த்தை. சொல்லியிருந்தால்? நேராகப் போய் மாமனாரைக் கேட்பார். அப்புறம் தேஜு?

அந்த நேரம் பார்த்து அலமாரிக்குள் போன் அடித்தது. அருள்தான், மிஸ்டு கால் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுகிறான். "உங்க போனுங்களா?" என்றார். "இல்லீங்க" என்றேன். புத்தகங்களுக்கு நடுவில் அது பாட்டுக்கு அடித்து ஓய்ந்தது. அவர் என்னையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "நேத்து நீங்க மட்டும் அதுல குடிச்சுட்டீங்க. கூச்சமா இல்லீங்களா?" என்றார்.

"கூழுதானுங்க."

"அதுவுஞ் செரிதான்" என்று சொல்லிவிட்டு பில் போடப் போனார். அவர் கீழே இறங்கின பிறகுதான் போனை எடுத்தேன்.

இல்லீங்க என்றேனே. என் தம்பி கூப்பிடும்போது, என் போன் இல்லை என்றேனே.

அக்டோபர் 25, சனி

ஊருக்குத் திரும்புகிறோம். கிளம்புவதற்கு முன் தேஜுவைத் தூக்கிக்கொண்டு முதல் நாள் போன அந்தச் சந்துக் கடைக்கே ஓடினேன். ஒரு படக்கதை எடுத்துக் கொடுத்தேன். குட்டி யானையை அதன் மாமா யானை ஆற்றைக் கடத்திக் கூட்டிப்போகிறது. அவள் படத்தில் விரல் வைத்து, "இது அதோட அம்மாவுக்கு அண்ணனா தம்பியா?" என்று கேட்டாள்.

"தம்பி."

"கிட்டுசாமி மாமா உனக்கு அண்ணனா தம்பியா?"

அஞ்சு வயசுக்கு எவ்வளவு கேள்வி! "ரெண்டும் இல்ல கண்ணு" என்று சொல்லிவிட்டேன். அவள் பக்கத்தைத் திருப்பிவிட்டாள். நான்தான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அந்த நிமிஷம் முடிவு பண்ணினேன். ஒரு தடவை குத்தின காதை இன்னொரு தடவை குத்த முடியாது. அதுதான் என் கையில் இருக்கிற ஒரே வழி.

கடையில் நின்றே அருளைக் கூப்பிட்டேன். "உன் மடிதான்டா" என்றேன். "என்னக்கா சொல்ற?" என்றான். விளக்கமாகச் சொன்னேன். அவன் அழுதானா, மழையா, தெரியவில்லை, லைன் கரகரவென்றது.

நவம்பர் 9, ஞாயிறு

காதர்பேட்டைக்குப் போய் அத்தை காது குத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் கொடுக்க பனியன் செட் வாங்கி வந்தார். வீடு முழுக்க அட்டைப் பெட்டி. நான் மடித்து அடுக்கினேன். சாப்பாடு இறங்கவில்லை. "என்ன பிரியா, மொகமே செரியில்ல?" என்று கேட்டார் அத்தை. தலைவலிங்க என்றேன்.

நவம்பர் 21, வெள்ளி

முடிந்தது.

காலையில் சசியிடம் சொல்லிவிட்டேன். "நீ போ. எனக்குத் தெரியாதுன்னு இருந்துக்கறேன்" என்றான். அவனால் அவ்வளவுதான் முடியும்போல. எனக்கு அதுவே போதும் என்று கிளம்பினேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து தேஜுவைக் கூட்டிக்கொண்டு நேராக அவிநாசிபாளையம் பஸ். அப்பா பஸ் ஸ்டாப்புக்கே வந்து நின்றார், சலவை வேட்டியோடு. தேஜு அவரைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. "யாரும்மா?" என்றாள். "உன் அப்புச்சி, என்னோட அப்பா." அப்பா அவளைத் தொடாமலே ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் குனிந்து அவள் ஷூ லேஸைக் கட்டிவிட்டார்.

வீட்டுக்குள் அருள் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். பட்டு வேட்டி. தோடு அவன் எடுத்தது. ஆசாரி வந்தார். தேஜு மடியில் உட்கார மாட்டேன் என்று ஒரே ஆட்டம். புது ஆள் அல்லவா? அருள் அவள் காதில் என்னவோ சொன்னான், சிரித்தாள், உட்கார்ந்துவிட்டாள். குத்தும்போது அவள் அழுததைவிட அவன்தான் அதிகம் அழுதான். அம்மா அவனைப் பார்த்து, "ஏன்டா, உனக்கா குத்துனாங்க?" என்றாள்.

இருட்டுகிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். அத்தை முதலில் தோட்டைப் பார்த்தார், அப்புறம் சிவந்த காதைப் பார்த்தார். "அய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். மாமனார் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"யார் மடிங்க அம்முணி?"

"அவ மாமன் மடிங்க."

"செரிங்க," என்றார். உள்ளே போய்விட்டார். தேஜுவை என் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளலாமா என்றிருக்கிறது.

நவம்பர் 22, சனி

காதுகுத்து நிற்காதாம். மாமனார் காலையில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "கோயில் ஆசாரிகிட்டப் பேசீட்டனுங்க. கம்பியக் காதுகிட்ட வெச்சு எடுத்துருவாப்ல. பாக்கறவீங்களுக்குத் தெரியாது. தோட்டை மட்டும் கழட்டீருங்க."

"பச்சைப் புண்ணுங்க. கழட்டுனா சீழ் வெச்சுரும்."

"அப்பப் பூ வெச்சு மறைச்சரலாமுங்க."

எதற்கும் அவரிடம் ஒரு வழி இருக்கிறது! மரபூரில்கூட டிக்கெட் வாங்கினவர்களுக்குத்தான் நடித்தார்கள். இவர் நானூறு பேருக்குச் சாப்பாடு போட்டு நடிக்கப்போகிறார். மூடி மெழுகி மூடி மெழுகி எவ்வளவு நாளைக்குத்தான்? அத்தை தேஜுவுக்குச் சாக்லேட் கொடுத்து, "நாளைக்கு யார் கேட்டாலும் காது குத்தலைன்னு சொல்லோணும்" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் சாக்லேட்டை மட்டும் சரியாக வாங்கிக்கொண்டாள்.

நவம்பர் 24, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

மேளம் அடித்தார்கள். கிட்டுசாமி புது வேட்டி சட்டையில் நாற்காலியில் உட்கார்ந்து தேஜுவை மடியில் வைத்தார். காதை மறைத்து இரண்டு பக்கமும் மல்லிகைச் சரம். ஆசாரி கம்பியை எடுத்ததும் பிள்ளை பயந்துவிட்டாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீரிட்டாள்: "மறுபடியும் குத்தாதீங்க! குத்தியாச்சு! அருள் மாமா மடியில குத்தியாச்சு!"

பூச்சரம் கீழே விழுந்தது. மேளம் நின்றுபோனது.

கிட்டுசாமி அவள் காதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தம்பி இருக்காருங்களா அம்முணி?"

மாமனார் "அதொண்ணுமில்லீங்க, புள்ளை வெவரமில்லாம..." என்று ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்து குரல் வந்தது என்றே தெரியவில்லை. "இருக்கானுங்க. மண்ணரையில இருக்கான். அப்பா அம்மாவும் இருக்காங்க. அவிநாசிபாளையம் காலனியிலீங்க."

காலனி என்றதும் பந்தல் முழுக்க ஒரு சலசலப்பு. யாரோ, "நெசமாவா சசி?" என்று கேட்டார்கள். சசி கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். சொல்ல மாட்டான் என்றுதான் நினைத்தேன். "ஆமாங்க. அவ பேரு பிரிசில்லா. தம்பி பேரு அருள்குமாருங்க," என்றான். எல்லார் முன்னாலும், அந்தப் பெயரை, முழுசாக.

கிட்டுசாமி தேஜுவைத் தூக்கி என் கையில் கொடுத்தார். "அப்ப இந்தச் சேர்ல நான் எதுக்குங்க?" என்று மாமனாரைக் கேட்டார். "செத்துப்போயிட்டாங்கன்னு சொன்னீங்களேங்க." பதிலுக்குக் காத்திருக்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். சாப்பிடவில்லை. பொய் சொன்னதற்காகச் சாப்பிடாமல் போனாரா, காலனி என்றதற்காகவா? எனக்குத் தெரியவில்லை. பாதிப் பந்தி காலியாகவே கிடந்தது. சாம்பாரை அண்டா அண்டாவாக வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து மாமனார் சொன்னது ஒரே வாக்கியம்: "சசி, இவங்களக் கொண்டுபோய் விட்டுட்டு வா, புள்ளை இங்க இருக்கட்டும்." தேஜுவை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். செத்தாலும் விட மாட்டேன் என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன், ஆறு வருஷத்தில் முதல் தடவை. சசி கார்ச் சாவியை மேஜை மேல் வைத்தான். "புள்ளை போற எடத்துக்கு இவளும் போவா, இவ போற எடத்துக்கு நானும் போவேனுங்கப்பா. சொல்லுங்க, போகட்டுமா?"

யாரும் போகவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

காது ஆறிவிட்டது. மாமனார் என்னிடம் இன்னும் பேசுவதில்லை. கண்ணும் இல்லை, அம்முணியும் இல்லை. கிட்டுசாமி போன் பண்ணினார். தேஜுவிடம் மட்டும் பேசினார்.

ஜனவரி 12, திங்கள்

இன்று மாமனார் வாய் திறந்தார், பேப்பரைப் பார்த்துக்கொண்டே. "பொங்கச் சீர் யார் கொண்டாறாங்கன்னு பக்கத்து ஊட்ல கேட்டாங்க. ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இனி மாமன்காரனை வாசல்ல நிக்க வெச்சா நமக்குத்தான் கேவலமுங்க. உங்க தம்பிய வரச் சொல்லுங்க."

அன்பு ஒன்றும் இல்லை, கேவலத்துக்குப் பயம். இருக்கட்டும். வரச் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 16, வெள்ளி, மாட்டுப் பொங்கல்

அருள் வந்தான். கரும்பு, மஞ்சள் கொத்து, அரிசி, எனக்கு ஒரு சேலை. செருப்பை வெளி கேட்டிலேயே கழற்றிவிட்டான், முட்டாள். தேஜு ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்து சோபாவில் உட்கார வைத்தாள். மாமனார் "வாங்க" என்றார். "மழை எப்படீங்க அந்தப் பக்கம்?" என்று கேட்டார். அருள் நுனியில் உட்கார்ந்து பதில் சொன்னான்.

அத்தை டீ கொண்டுவந்தார். எங்கள் எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர். அருளுக்கு மட்டும் பேப்பர் கப். லோடு இறக்க வருகிற ஆட்களுக்காக வாங்கி வைத்திருப்பது.

அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "நல்லா இருக்குதுங்க" என்றான், குடிப்பதற்கு முன்பே.

எழுந்து போய் அவன் கையிலிருந்து கப்பை வாங்கினேன், என் டம்ளரை அவனிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே பேப்பர் கப்பில் குடித்தேன். அத்தை பார்த்தார். மாமனாரும் பார்த்தார். அருள் தலையைக் குனிந்துகொண்டு டம்ளரில் குடித்தான். தேஜு அவன் மடியில் ஏறி யானைக் கதையைப் படித்துக் காட்டினாள்.

அவனை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பயந்துகொண்டே வந்தேன். அந்த டம்ளர் குப்பையில் கிடக்கும், இல்லாவிட்டால் கொல்லைப்புறத்தில் செடிக்குப் பக்கத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். சமையலறைக்குப் போனேன். அத்தை பாத்திரம் தேய்த்து முடித்துவிட்டு முந்தானையில் கை துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. "நாளைக்கு இட்லிக்குப் போடோணும், அரிசிய ஊற வெச்சுரு பிரிசில்லா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மேடையில் டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தன. எண்ணிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. அருள் குடித்தது எது என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை.